ஊட்டியில் தேறிய பெட்ரோல் லைன் செட்டிபாளையத்தில் தேறுமா?

சக்தி கூட்ட நைட்ரஸ் ஆக்சைடு பாட்டில் மாட்டிய ரேஸ் காரில் பிஸ்டன் ஓட்டையானால் எல்லோரும் நைட்ரஸைத்தான் திட்டுவார்கள். பாதி நேரம் தப்பு பெட்ரோல் பக்கம் இருக்கும். நைட்ரஸைத் திறக்கும் முன்பே அந்தப் பெட்ரோல் லைனை எப்படிச் சோதிப்பது என்பதுதான் இங்கே பேச்சு. நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரியும் சரக்கு அல்ல. சிலிண்டருக்குள் சுமார் 300 டிகிரி சூட்டில் அது உடைந்து ஆக்சிஜனைத் தருகிறது, அவ்வளவுதான். எடைக் கணக்கில் காற்றில் ஆக்சிஜன் 23 சதவீதம், நைட்ரஸில் 36 சதவீதம். அந்தக் கூடுதல் ஆக்சிஜனுக்கு ஈடான பெட்ரோல் அதே நொடியில் வந்து சேராவிட்டால் கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் பற்றாமல் போகும். முதலில் நாக்கிங் (கலவை நேரம் தவறி வெடித்துத் தட்டுவது), அடுத்து பிளக் முனை உருகும், அதற்கடுத்து பிஸ்டன். இது நடந்து முடிய சில நொடிகள் போதும். மீட்டரைப் பார்த்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கலாம் என்று நினைப்பவருக்கு அந்த அவகாசம் கிடைக்காது.

மலையில் வண்டி கட்டுகிறவர்களுக்கு இதில் இன்னொரு கண்ணி உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய 23 சதவீதம் குறைவு. இன்ஜின் இழுக்கும் காற்று குறைவதால் பெட்ரோலும் குறைவாகவே போகிறது. டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்புக்கு வேலை லேசு. அதே காரை லாரியில் ஏற்றி, கோவை செட்டிபாளையத்தில் உள்ள காரி ரேஸ் டிராக்கில் இறக்கினால் இன்ஜின் ஆறில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை கூடுதலாகக் காற்று இழுக்கும், பெட்ரோலும் அதே அளவு கூடும். மேலே "பிரஷர் நிற்குதுப்பா" என்று சொன்ன பம்ப் கீழே மூச்சு வாங்குவது இதனால்தான்.

பாட்டிலின் கதை வேறு. நைட்ரஸ் பாட்டிலுக்குள் திரவமும் வாயுவும் சேர்ந்தே இருப்பதால் அதன் அழுத்தத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. 10 டிகிரியில் சுமார் 580 பிஎஸ்ஐ, 20 டிகிரியில் 735, 30 டிகிரியில் 915. பெரும்பாலான நைட்ரஸ் கிட்களின் ஜெட் (ஓட்டத்தை அளந்து விடும் சின்னத் துளை) அட்டவணை 900 முதல் 950 பிஎஸ்ஐ என்று வைத்துப் போட்டது. ஆக ஊட்டியின் மார்கழிக் காலையில் பாட்டில் சோம்பேறி, நைட்ரஸ் குறைவாக வரும், கலவை ரிச்சாக, அதாவது பெட்ரோல் மிகுந்து நின்று இன்ஜின் பிழைத்துக்கொள்ளும். செட்டிபாளையத்து மதிய வெயிலில் அதே பாட்டில் முழு வேகத்தில் ஊற்றும். பெட்ரோல் பிரஷர் இப்படிக் குளிருக்கும் வெயிலுக்கும் ஏறி இறங்காது, ரெகுலேட்டர் அதை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும். காற்றும் கூடி நைட்ரஸும் கூடுகிற அந்த மோசமான நிலைக்குத்தான் பெட்ரோலை அளந்து வைக்க வேண்டும்.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது. பொது ரோட்டில் நைட்ரஸுக்கு இடமே இல்லை. 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி மலைப்பாதையில் இதை முயன்று பார்க்க நினைப்பவர் இதற்கு மேல் படிக்க வேண்டாம். டிராக்கிலும் அந்தப் போட்டியின் விதிப் புத்தகம் அனுமதித்தால்தான் உண்டு. பாட்டிலும் 2016ஆம் ஆண்டின் கேஸ் சிலிண்டர் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. லைசென்ஸ் உள்ள இடத்தில் மட்டுமே நிரப்ப வேண்டும்.

இனி வேலைக்கு வரலாம். இங்கே சொல்வது வெட் சிஸ்டத்துக்கு, அதாவது நைட்ரஸுக்கு ஒரு சோலினாய்டு (மின்சாரத்தில் திறக்கும் வால்வு), பெட்ரோலுக்கு ஒரு சோலினாய்டு, இரண்டும் ஒரே நாசிலில் சேர்கிற அமைப்புக்கு. வழக்கமாக நீலம் நைட்ரஸ், சிவப்பு பெட்ரோல்.

முதலில் நைட்ரஸ் பக்கத்தை முழுக்க முடக்குங்கள். பாட்டில் வால்வை மூடுவது மட்டும் போதாது. லைனில் மிச்சம் நிற்கும் வாயுவை வெளியேற்றி, பாட்டிலைக் கழற்றி, காருக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நைட்ரஸ் சோலினாய்டின் வயரையும் பிடுங்கிவிட்டு, அந்த வயர் முனையில் 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் மாட்டுங்கள். அந்த லாம்ப் பின்னால் உதவும்.

பட்டறையைப் பற்றி. ஊட்டி, குன்னூர் பக்கம் மழையும் மூடுபனியும் வந்தால் ஷட்டரை இறக்கிவிட்டு, ஓரமாகக் குமுட்டி அடுப்பில் கரி மூட்டிக் குளிர் காய்வது வழக்கம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் அந்தக் குமுட்டியைத் தேடிப்பிடிக்கும். சோதனை நாளில் குமுட்டி, ஹீட்டர், கிரைண்டர், வெல்டிங் எதுவும் கூடாது. ஷட்டர் திறந்தே இருக்க வேண்டும், குளிர்ந்தாலும் சரி. கை எட்டும் தூரத்தில் 6 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான், கூட ஒரு ஆள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், சூடான சைலன்ஸர் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் போதும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். குன்னூரில் பாதிப் பட்டறைகள் சரிவில்தான் இருக்கின்றன. மூக்கு தூக்கி நிற்கும் வண்டியில் கால் டேங்க் பெட்ரோல் இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சலாம், நீங்கள் பம்பைக் குறை சொல்வீர்கள். அரை டேங்குக்கு மேல் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

பெட்ரோலைப் பிடிக்க பிளாஸ்டிக் வாளி வேண்டாம். ஓடும் பெட்ரோல் நிலை மின்சாரத்தைச் சேர்க்கும், பிளாஸ்டிக்கில் அது வடியாது. 5 லிட்டர் தகர டின் எடுத்து, அதையும் காரின் பாடியையும் கிளிப் வைத்த ஒரு வயரால் இணைத்துவிடுங்கள். அளவைக் கண்ணால் பார்ப்பதைவிட எடை போடுவது துல்லியம், நுரை ஏமாற்றாது. 1 கிராம் காட்டும் தராசு போதும். டின்னை மூடி, தள்ளி எடுத்துப் போய்த்தான் எடை போட வேண்டும்.

நாசிலை இன்டேக் மானிஃபோல்டிலிருந்து, அதாவது இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயிலிருந்து, கழற்றுங்கள். இது மிக முக்கியம். நாசில் மானிஃபோல்டில் இருக்கும்போதே இன்ஜினை நிறுத்தி வைத்து பெட்ரோல் சோலினாய்டைத் திறந்து பார்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அந்தப் பெட்ரோல் எங்கே போகும்? மானிஃபோல்டில் தேங்கும், திறந்திருக்கும் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கும். அடுத்த ஸ்டார்ட்டில் மானிஃபோல்ட் வெடிக்கும், இல்லையென்றால் திரவம் அமுங்காமல் கனெக்டிங் ராடு வளையும். நாசிலைக் கழற்ற முடியாத அமைப்பானால், பெட்ரோல் லைனை நாசிலில் கழற்றி, ஜெட்டை அந்த லைனின் முனையிலேயே ஒரு ஹோல்டரில் வைத்து டின்னுக்குள் விடுங்கள். ஜெட் இல்லாமல் அளந்தால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை.

கேஜ் எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துக் கொடுக்கும் குழாயில் வைத்தால், ரெயிலின் பிரஷர்தான் தெரியும். உங்களுக்கு வேண்டியது பெட்ரோல் சோலினாய்டின் வாசலில் இருக்கும் பிரஷர். ரெயிலுக்கும் சோலினாய்டுக்கும் நடுவே டீ வடிவ மூட்டு, ஹோஸ், ஃபில்டர் என்று எத்தனையோ தடைகள். ரெயிலின் டெஸ்ட் போர்ட்டிலிருந்து லைன் எடுத்திருந்தால், உள்ளே டயர் வால்வில் இருப்பது போன்ற ஒரு ஊசி இருக்கும். அதைக் கழற்றாமல் அடாப்டரை முறுக்கியிருந்தால் ஓட்டம் பாதியாகக் கூடக் குறையும். சோலினாய்டு மூடியிருக்கும்போது கேஜ் பளிச்சென்று 3 பார் (43.5 பிஎஸ்ஐ) காட்டும், திறந்தவுடன் விழுந்துவிடும். நின்ற பிரஷர் ஒரு சான்றிதழ் அல்ல என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். ஓடும்போது நிற்கிற பிரஷர்தான் கணக்கு.

இன்ஜினை ஓட்டாமல் பம்பை மட்டும் ஓட்ட, பம்ப் ரிலேயைப் பிடுங்கி அதன் சாக்கெட்டில் 30ஆம் முனையையும் 87ஆம் முனையையும் 15 ஆம்பியர் ஃப்யூஸ் உள்ள ஒரு வயரால் இணையுங்கள். இணைப்பை டின்னிலிருந்து தள்ளி, பெட்ரோல் லைனைத் திறக்கும் முன்பே செய்ய வேண்டும். பம்பை நிறுத்துவதற்கு நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து, அதையும் தள்ளியே வையுங்கள். ரிட்டர்ன் லைன் உள்ள வண்டியில் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸ் மாட்டியிருந்தாலும் இன்ஜின் ஓடாததால் வேக்குவம் இருக்காது, முழு ஆக்ஸிலரேட்டரில் வரும் பிரஷரே காட்டும். ரிட்டர்ன் இல்லாத புது வண்டிகளில் ரெகுலேட்டர் டேங்குக்குள் இருக்கும், அங்கே இந்தக் கவலை இல்லை.

முதல் சோதனை கசிவு. சோலினாய்டை மூடி வைத்து பம்பை ஓட்டி, எல்லா மூட்டுகளையும் துணியால் துடைத்துவிட்டு 10 நிமிடம் பாருங்கள். ஜெட் முனைக்குக் கீழே ஒரு வெள்ளை டிஷ்யூ. ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் அந்த சோலினாய்டு வேண்டாம். மூடிய நிலையில் கசியும் சோலினாய்டு ராத்திரியெல்லாம் மானிஃபோல்டை நிரப்பும். பெரும்பாலும் உள்ளே இருக்கும் சீலில் தூசி, அல்லது எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறி உப்பிய ரப்பர்.

அடுத்தது ஓட்டம். எவ்வளவு வர வேண்டும் என்று தெரியாமல் அளப்பதில் பயன் இல்லை, கணக்கை முதலில் போடுவோம். ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு 0.5 முதல் 0.6 பவுண்டு பெட்ரோல் என்பது பழைய, நம்பகமான அளவு. 35 குதிரைசக்தி கூட்டும் நைட்ரஸ் ஷாட்டுக்கு மணிக்கு 7.9 முதல் 9.5 கிலோ வரும். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. வெளிநாட்டு ஜெட் அட்டவணைகள் பெரும்பாலும் எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குப் போட்டவை, அதனால் 8 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். 15 நொடிக்குக் கணக்கிட்டால் 36 முதல் 43 கிராம். இதில் மேல் எல்லைப் பக்கம் நிற்பதுதான் புத்திசாலித்தனம். ரிச்சானால் சக்தி கொஞ்சம் போகும், லீன் ஆனால் இன்ஜினே போகும்.

பம்பை ஓட்டி, பிரஷர் நிலைத்ததும் சோலினாய்டைச் சரியாக 15 நொடி திறந்து மூடுங்கள். அதற்கு மேல் பிடிக்க வேண்டாம், இந்த சோலினாய்டுகள் தொடர்ந்து வேலை செய்யச் செய்தவை அல்ல, காயில் சூடேறும். தொட்டுப் பார்த்து ஆறியதும் மறுபடி. மூன்று முறை எடையும் 2 கிராமுக்குள் ஒத்துப்போக வேண்டும். திறந்திருக்கும்போது கேஜ் 2, 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் எங்கோ அடைப்பு. ஓட்டம் பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், 43.5 பிஎஸ்ஐயிலிருந்து 38க்கு இறங்கினால் பெட்ரோல் 6.5 சதவீதம் குறையும், 30க்கு இறங்கினால் 17 சதவீதம் போய்விடும்.

எடை குறைந்தால் உடனே பெரிய ஜெட் போடாதீர்கள். பிரஷர் சரியாக நின்று எடை மட்டும் குறைந்தால் ஜெட்டில் அடைப்பு, எடை தாறுமாறாகக் கூடினால் இரண்டு ஜெட்டும் இடம் மாறியிருக்கிறது. ஜெட்டில் அடித்திருக்கும் எண் அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை என்று பொருள். 20க்குப் பதில் 22 போட்டாலே துளையின் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும், இரண்டு எண்தானே என்று இருந்துவிடக் கூடாது. பிரஷரும் சேர்ந்து விழுந்தால் சோலினாய்டு வாசலில் இருக்கும் சின்ன வலை ஃபில்டர், டெஸ்ட் போர்ட் ஊசி, மடங்கிய ஹோஸ் என்று பின்னோக்கிப் போங்கள். டெஃப்லான் டேப்பின் துணுக்கு ஜெட்டில் மாட்டுவது அடிக்கடி நடக்கும். ஃப்ளேர் மூட்டில் டேப் சுற்றவே கூடாது, அது உலோகத்தோடு உலோகம் அமர்ந்து அடைக்கும் மூட்டு. மரையில் அடைக்கும் மூட்டுக்கு மட்டும் பெட்ரோல் தாங்கும் பேஸ்ட், அதுவும் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு.

இந்தச் சோதனை முடிந்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். இன்ஜின் தன் பங்கைக் குடிக்காத நேரத்தில் நைட்ரஸ் ஜெட்டுக்கு மட்டும் பெட்ரோல் கொடுப்பது எந்தப் பம்புக்கும் எளிது. எனவே ரெயிலிலிருந்து இரண்டாவது லைன் எடுத்து, ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ஊசி வால்வு வைத்து, அதையும் டின்னுக்கு விட வேண்டும். இன்ஜின் குடிப்பதை அந்த வால்வு நடிக்கும்.

மலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இன்ஜினின் சக்தியாக ஊட்டியில் டைனோ (சக்தி அளக்கும் மேடை) காட்டியதையோ, ஏற்றத்தில் உணர்ந்ததையோ எடுக்காதீர்கள். கம்பெனி தாளில் உள்ள எண்ணை எடுங்கள். 80 குதிரைசக்தி கார் என்றால், குதிரைசக்திக்கு 0.5 பவுண்டு வீதம், இ20க்குக் கூட்டியபின் மணிக்கு 19.6 கிலோ. நைட்ரஸ் பங்கான 10.3 கிலோவையும் (மேலே கண்ட 9.5 கிலோவோடு 8 சதவீதம்) சேர்த்தால் 30 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, அதாவது சுமார் 40 லிட்டர். 20 சதவீதம் கையிருப்பு வைத்தால் 48 லிட்டர், நிமிடத்துக்கு 800 மில்லி. ஊட்டியின் காற்றுக்குக் கணக்குப் போட்டிருந்தால் இதில் மணிக்குச் சில லிட்டர் குறைவாக வந்திருக்கும், பம்பும் "பாஸ்" ஆகியிருக்கும்.

பெட்ரோல் சோலினாய்டை மூடி வைத்தே, நைட்ரஸ் பங்கையும் சேர்த்து ஊசி வால்வின் வழியாக மட்டும் 15 நொடிக்கு 200 மில்லி, அதாவது 150 கிராம் வரும்வரை வால்வைத் திறந்துகொண்டே போங்கள். அந்த ஓட்டத்திலும் ரெயில் பிரஷர் 3 பாரை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் முதலில் பம்பை மாற்ற ஓடாமல், மல்டிமீட்டரை எடுங்கள். பம்பின் கனெக்டரில் வோல்டேஜும் பேட்டரி வோல்டேஜும் அரை வோல்டுக்கு மேல் வித்தியாசப்பட்டால் வயர், ரிலே, எர்த் மூன்றில் ஒன்று பழுது. மலையின் ஈரத்தில் எர்த் முனை பச்சை பிடிப்பது சகஜம். அடுத்து டேங்குக்குள் இருக்கும் சல்லடை. பாதி காலியாக நிற்கும் டேங்கில் பனி ஈரம் உள்ளே வியர்க்கும், எத்தனால் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அளவு மீறினால் பிரிந்து அடியில் தங்கும். டின்னில் பிடித்த பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தால் அடியில் கோடு தெரியும். தெரிந்தால் டேங்கைக் காலி செய்யாமல் எந்தச் சோதனையும் வேண்டாம்.

நின்ற இன்ஜினில் பேட்டரி 12.2 வோல்ட்தான் கொடுக்கும், ஓடும்போது 13.8 வரை வரும். எனவே 12.2லேயே தேறிய பம்ப் ஓடும்போது தாராளமாகத் தேறும். சார்ஜரைப் போட்டு வோல்டேஜைத் தூக்கிச் சோதிப்பவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள், பெட்ரோல் அருகே ஒரு தீப்பொறிக்கும் வழி செய்கிறார்கள்.

ஓட்டத்தோடு நேரத்தையும் பாருங்கள். சுவிட்ச் தட்டியதும் ஜெட் முனையில் பெட்ரோல் உடனே வர வேண்டும். சோலினாய்டுக்கும் நாசிலுக்கும் நடுவே பெட்ரோல் லைன் நீளமாக இருந்தால் அது நிரம்பும்வரை நைட்ரஸ் தனியாகப் போகும். பெட்ரோல் லைன் நைட்ரஸ் லைனைவிட நீளமாக இருக்கவே கூடாது. ஃபோனை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து ஸ்லோமோஷனில் எடுத்தால் தாமதம் கண்ணுக்குத் தெரியும்.

பிரஷர் விழுந்தால் நைட்ரஸைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் பல கிட்களில் தனியாகத்தான் வாங்க வேண்டும். அதில்தான் பலர் மிச்சம் பிடிப்பார்கள். 3 பார் சிஸ்டத்தில் 36, 37 பிஎஸ்ஐக்கு செட் செய்யலாம். நைட்ரஸின் மெயின் சுவிட்சைப் போட்டு (ஆர்ம் செய்து), ஆக்ஸிலரேட்டர் சுவிட்சைக் கையால் அழுத்தி, ஊசி வால்வை மெல்லத் திறந்து பிரஷரை இறக்குங்கள். ஆரம்பத்தில் மாட்டிய டெஸ்ட் லாம்ப் எந்த எண்ணில் அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட இன்ஜின் வேகங்களுக்கு நடுவில் மட்டும் நைட்ரஸை விடும் ஆர்பிஎம் விண்டோ சுவிட்ச் இருந்தால் கீழ் எல்லை 3,000க்குக் குறையாமலும், மேல் எல்லை ரெவ் லிமிட்டருக்கு (இன்ஜின் வேகம் மீறாமல் தடுக்கும் கட்டுப்பாட்டுக்கு) முன்பே முடியும்படியும் இருக்கட்டும். பல வண்டிகளில் லிமிட்டர் இன்ஜெக்டரைத்தான் நிறுத்தும். பெட்ரோல் நின்று நைட்ரஸ் தொடர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் பழையபடி மாட்டியபின், பாட்டில் இன்னும் வெளியில் இருக்கும்போதே, இன்ஜினை ஐடிலில் விட்டு பெட்ரோல் சோலினாய்டை ஒரு நொடிக்கும் குறைவாகத் தட்டிப் பாருங்கள். இன்ஜின் திக்கித் தடுமாற வேண்டும். தடுமாறாவிட்டால் பெட்ரோல் வந்து சேரவில்லை. தடுமாறினால் வழி திறந்திருக்கிறது என்று மட்டுமே பொருள், அளவு சரி என்பதற்கு எடைதான் சாட்சி.

கீழே டிராக்குக்குப் போனதும் ஓட்டச் சோதனையை அங்கேயே இன்னொரு முறை செய்யுங்கள், அரை மணி நேர வேலைதான். இந்த முறை பெட்ரோல் சூடாக இருக்கும், ஆவிக் குமிழி இருந்தால் கேஜ் முள் துடிக்கும். பாட்டிலை வெயிலில் விடாமல் நிழலில் வைத்து, பிரஷர் 950ஐத் தாண்டினால் ஈரத்துணி போர்த்துங்கள். 36 டிகிரிக்கு மேல் உள்ளே திரவமே இருக்காது, அழுத்தமும் கண்டபடி ஏறும். குளிரில் பிரஷர் குறைந்தால் அதற்கென்று உள்ள தெர்மோஸ்டாட் ஹீட்டர் மட்டும், ஹீட் கன்னோ நெருப்போ கூடவே கூடாது. முதல் ஷாட் மூன்றாம் கியரில் இரண்டு நொடி. புகையில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டரில் லாம்ப்டா (1க்குக் கீழே என்றால் ரிச்) 0.80 பக்கம் நிற்க வேண்டும். 0.85க்கு மேல் ஏறினாலும், பெட்ரோல் கேஜ் 3 பிஎஸ்ஐ இறங்கினாலும் பாட்டிலை மூடிவிட்டு மறுபடி டின்னும் தராசும்.

டின்னில் பிடித்த பெட்ரோலை வடிகட்டி டேங்கிலேயே ஊற்றிவிடலாம். தண்ணீர் பிரிந்த பெட்ரோலை மூடியுள்ள தகர கேனில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுக்க அனுமதி பெற்றவரிடம் கொடுங்கள். குன்னூரில் சாக்கடையில் ஊற்றினால் அது குன்னூர் ஆற்றில் இறங்கி, மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் பவானியில் போய்ச் சேரும்.